கோடரி சாத்தாமல் வெட்டிய மரம்

பாட்னா, 22.4.1983

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு வணக்கம். தங்கள் மூட்டுவலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். என் மனக்குறைகள்:

1. 3.4.83: குரங்கணிக்கு மேலே, நம் ஏலத்தோட்டத்துக்கு நிழல் தந்த காட்டுப்பலாவை என்னைக் கேளாமல் வெட்டினீர்கள்.
2. 19.4.83: அதைத் தங்கை அன்னக்கொடியின் கடிதத்தில்தான் அறிந்தேன்.

மூன்றாம் தேதி மதியம் கல்லூரி அறையில் சற்றுக் கண்ணயர்ந்தேன். மூடுபனி என்னைச் சுமந்துகொண்டு நம் தோட்டத்துக்குள் மெல்ல நகர்ந்தது. மரத்தடியில் நம் தோட்டக்காரர் மொக்கையன் நின்றிருந்தார். "மொத நாளே கோடாலியச் சாத்தி வச்சு, குடியிருக்கிறதுகளப் போகச் சொல்லலையே அண்ணே! குஞ்சுக எங்கிட்டுப் போகும்?" என்றார். முதுகெலும்பு முறிந்ததுபோல் விழித்தேன்.

அன்று அவர் தங்களிடமும் அதையே கேட்டதாக அன்னக்கொடி எழுதியிருக்கிறாள். "போயி சோலியப் பாருய்யா" என்றீர்களாம்.

இருபது ஆண்டுகளாக உளவியல் கற்பிக்கிறேன். மாணவர்களிடம் இதைத் தற்செயல் என்பேன். எனக்கு நானே அப்படிச் சொல்லிக்கொள்ள இயலவில்லை. மனம் மண்டையோட்டுக்குள் முடிகிறதென்றால், அந்த மரத்தின் வலி இவ்வளவு தூரம் எப்படி வந்தது?

தோட்டத்துக்கு நீர் தரும் ஊற்றின் மேல் இன்னும் நான்கு மரங்கள் நிற்கின்றன. அவையும் போனால் ஊற்று வற்றும், தோட்டமும் கருகும்.

இப்பக்கம் வருவோரிடம் ஒரு பிடி ஏலக்காய் கொடுத்தனுப்புங்கள். நம் தோட்டத்தின் மணத்துக்காகத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வேன். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

அந்த நான்கு மரங்களையும் தொடமாட்டேன் என்று தங்கள் கைப்பட எழுதிய பதில் மே பத்துக்குள் வர வேண்டும். வராவிட்டால் வேலையை விட்டுவிட்டு வந்து, அவற்றின் அடியிலேயே குடியிருப்பேன்.

தங்கள் மகன்,
சுந்தரராசு