ஐந்தாவது பெனால்டி

கிடர்பூர், கொல்கத்தா
18 டிசம்பர் 2025

அன்புள்ள மதுவுக்கு,

நலம்தானே என்று கேட்கத்தான் கை வருகிறது. நீ நலமாக இல்லை என்பது தெரிந்தும் அப்படி எப்படிக் கேட்பது? போனில் என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். அதனால் பதினைந்து வருடம் கழித்து உனக்காகத் தபால்தலை வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மேட்ச் முடிந்து நீ வீட்டுக்கு வருவாய் என்று அம்மா சீலா மீன் குழம்பு வைத்துக் காத்திருந்தாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டதாம் என்று சொல்லிவைத்தேன். பிரிட்டோ மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போனான். அண்ணன்காரனுக்குக்கூட உன் பக்கம்தான் நியாயம்.

கோபிக்காமல் படி. ஃபைனலில் நான் துணை நடுவர். பெனால்டி ஷூட்அவுட்டில் கோல் கோட்டோரம் நின்று, பந்தை உதைக்கும் முன்பே கோல்கீப்பரின் இரண்டு காலும் கோட்டை விட்டு முன்னே வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. உன் சென்னை அணி ஐந்தையும் அடித்துவிட்டது. ஒடிஷா பெண்களின் ஐந்தாவதை நீ பாய்ந்து தடுத்தாய். கோப்பை கிடைத்துவிட்டதென்று உன் பெண்கள் ஓடி வந்தார்கள். அப்போது நான் கொடியைத் தூக்கினேன். திரும்ப உதைக்கச் சொன்னார்கள், பந்து உள்ளே போனது. ஆறாவதை உங்கள் பெண் கம்பத்தில் அடித்தாள், அவர்கள் தவறாமல் அடித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

கூட வளர்ந்தவள் என்பதற்காக நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டுமா? நம் சிநேகத்தை மேட்ச் கமிஷனரிடம் முன்கூட்டியே சொன்னேன். சின்ன வயதில் ஒன்றாக விளையாடியதெல்லாம் ஒரு காரணமா என்று சிரித்துவிட்டார்.

எல்லாருக்கும் கை கொடுத்துவிட்டு என்னைத் தாண்டிப் போனாயே, அதுதான் தாங்கவில்லை. திட்டியாவது ஒரு வரி எழுது.

உன்
அமலா


சென்னை
29 டிசம்பர் 2025

அமலா,

கடிதம் கிடைத்தது. அம்மாவிடம் நான் வருத்தப்பட்டதாகச் சொல்.

நீ கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அது என் கடைசி மேட்ச் என்று உனக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன். கையுறைகளை அலமாரியின் மேல் தட்டில் போட்டுவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் உதைக்கும் முன் என் கால் கோட்டை விட்டு வந்ததை நீ கண்ணால் பார்த்தாயா? ஆமாம் அல்லது இல்லை, ஒரு வார்த்தை போதும். ஆமாம் என்றால் இனி இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்.

மதுவந்தி


கிடர்பூர்
7 ஜனவரி 2026

அன்புள்ள மது,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. முதல் நாளே ‘ஆமாம்’ என்று எழுதிக் கவரில் போட்டு ஒட்டிவிட்டேன். ஆபீஸ் போகும்போதும் வரும்போதும் தபால் பெட்டியைத் தாண்டித்தான் நடந்தேன். நேற்று அதைக் கிழித்துப் போட்டேன்.

இல்லை, மது. நான் பார்க்கவில்லை.

நான் பார்த்தது உன் தோளை. அவள் ஓடி வந்தபோது உன் இடது தோள் சாய்ந்தது. சின்ன வயதில் துறைமுகக் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் லாரி டயருக்கும் சுவருக்கும் நடுவே நீ நிற்பாய், பிரிட்டோவின் பந்தை நான் உதைப்பேன். தோள் சாய்ந்தால் இடது கால் தானாக முன்னே வந்து வலது காலையும் இழுத்துவிடும். “காலு, காலு” என்று எத்தனை ஆயிரம் தடவை கத்தியிருப்பேன். அன்றைக்கும் அந்தத் தோளைக் கண்டதும் மற்றது எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணைக் கீழே இறக்குவதற்குள் பந்து போய்விட்டது, கொடி மேலே இருந்தது. உனக்குச் சாதகமாக ஏதாவது செய்துவிடுவேனோ என்று மூன்று நாளாகவே பயந்துகொண்டிருந்தேன். அந்தப் பயத்துக்கும் இதில் பங்கு உண்டு.

முன்பின் தெரியாத கோல்கீப்பராக இருந்தால் ஒழுங்காகக் காலைப் பார்த்திருப்பேன். வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை நடுவர் சங்கத்தில் இதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். முடிவு மாறாதாம். விசாரணை முடியும்வரை எனக்கு மேட்ச் கிடையாது. உன் இரக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை, வேறு யாரோ சொல்லித் தெரிந்தால் இன்னும் கோபப்படுவாய். பதில் எழுதாவிட்டால் புரிந்துகொள்வேன். கஷ்டமாகத்தான் இருக்கும்.

அமலா


சென்னை
24 ஜனவரி 2026

அன்புள்ள அமலா,

என் கால் கோட்டில்தான் இருந்தது. நாலு வருடத்துக்கு முன்பு எங்கள் கோச் பத்மஜா மேடம் என் இடது கணுக்காலை ரப்பர் பட்டையால் கம்பத்தோடு கட்டிவிட்டு, தினம் நூறு பந்து உதைக்க வைத்தார். தோளை மட்டும் திருத்த முடியவில்லை, அது இன்னும் சாய்கிறது. கால் இப்போது வருவதில்லை. உனக்கு எழுதியிருக்கலாம். கொல்கத்தாவில் ஒருநாள் நீயே பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று சொல்லாமல் வைத்திருந்தேன்.

அன்று கொடியைப் பார்த்ததும் கோப்பை போனது உடனே உறைக்கவில்லை. நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன், நீ பதினாலு வயது மதுவுக்குக் கொடி தூக்கினாய். அதுதான் வலித்தது.

நீ ‘ஆமாம்’ என்று எழுதியிருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது. என் கால் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் மனம் வரவில்லை. கம்பத்தில் அடித்தாளே சஹானா, அவளுக்குப் பத்தொன்பது வயது. தன்னால்தான் எல்லாம் போயிற்று என்று இன்னும் அழுகிறாள். உன் கடிதத்தை அவளிடம் காட்டலாமா? நீ சரி என்றால்தான் காட்டுவேன்.

பிப்ரவரி 14, சனிக்கிழமை காலை ஹவுராவில் இறங்குகிறேன். மீன் குழம்பு வேண்டும் என்று அம்மாவிடம் சொல். நம் மைதானத்தில் கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன என்று முன்பு போனில் சொன்னாய், சுவராவது இருக்கிறதா? ஒரு டயர் கிடைத்தால் போதும். பிரிட்டோ அண்ணனை உதைக்கச் சொல். பத்துப் பந்து. கையுறைகளை எடுத்து வருகிறேன்.

நீ கோட்டோரம் நில். தோளைப் பார்க்காதே, காலைப் பார். உன் கொடியையும் எடுத்து வா. நகர்ந்தால் தூக்கு.

மது