ஒரே அறையில் இரண்டு வேண்டுதல்

ஜூன் 3

கண்ணாடிக் கடையில் இன்றும் ஒரு லென்ஸைத் தப்பாகத் தேய்த்துவிட்டேன். முதலாளி வேறொரு லென்ஸை எடுத்துக் கொடுத்தார். என் மகன் பட்டாளத்தில் சேர்ந்து எல்லையில் இருப்பது அவருக்குத் தெரியும். சண்டை தொடங்கியதிலிருந்து அவனிடமிருந்து ஃபோன் இல்லை.

வீட்டில் என் ஓரகத்தி. கொழுந்தனுக்குக் கப்பலில் வேலை என்பதால் கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் எங்களோடுதான். பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம். அவளுடைய தம்பி அந்தப் பக்கத்துப் பட்டாளத்தில் இருக்கிறான். போன மாதம்வரை இது எங்களுக்கு ஒரு விஷயமாகவே இல்லை.

ஜூன் 5

மருந்துக்கடைக்காரர் மாத்திரையைக் கொடுத்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு இன்னும் உங்க வீட்லதானா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். வீடு வந்து சேரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஜூன் 8

எழுதவே கூச்சமாக இருக்கிறது. மாலையில் வழக்கம்போல இருவரும் ஒன்றாக உட்கார்ந்து கும்பிட்டோம். அவள் உதடு அசைந்தது. தம்பிக்காகத்தான் கேட்கிறாள் என்று தோன்றியதும் கும்பிட்ட கையை இறக்கிவிட்டேன். அவன் பிழைக்க வேண்டுமானால் எதிரே நிற்பவன் — ஐயோ. கேட்பதோ ஒரே கடவுளிடம். யார் பேச்சைக் கேட்பார்?

"இனிமே நீ உன் ரூம்ல கும்பிட்டுக்கோ" என்றேன்.

"சரிக்கா."

ஜூன் 9

தூக்கம் இல்லை.

ஜூன் 12

தெருச் சங்கத்து ஆட்கள் வீடு வீடாகப் போகிறார்களாம். யார் நம்மவர், யார் இல்லை என்று விசாரணை. "கொஞ்ச நாளைக்கு அவளை எங்கயாவது அனுப்பிடலாமா?" என்றார் கணவர். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

காய்ச்சல் வந்தால் மகன் என்னைத் தேட மாட்டான், சித்தியைத்தான் தேடுவான். அவளை வெளியே தள்ளிவிட்டு, என் பிள்ளையைக் காப்பாத்துன்னு எந்த முகத்தோட கேப்பேன்? கேட்பேன். அதுதான் பயமா இருக்கு.

ஜூன் 15

கொழுந்தன் ஏதோ துறைமுகத்திலிருந்து பேசினான். "அண்ணி, அவ சாப்பிடுறாளா?"

"ஏன், அவளுக்கென்ன?"

"அவ தம்பி போயிட்டான் அண்ணி. வியாழக்கிழமையே. சொல்லலையா?"

வியாழக்கிழமை எங்களுக்குச் சமைத்தாள். என் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக் கொடுத்தாள்.

ஓடிப்போய் அவள் அறைக் கதவைத் திறந்தேன். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"ஏண்டி சொல்லல?"

"நீங்க பயந்துடுவீங்கக்கா. தினமும் ரெண்டு பேருக்கும்தான் கும்பிட்டேன். எதிரெதிரா மட்டும் வந்துடக் கூடாதுன்னு."

துண்டைப் பிடுங்கினேன். "சத்தமா அழு." நானும் அழுதேன். தெருவே கேட்டிருக்கும்.

வாசலில் மருந்துக்கடைக்காரர், பின்னால் நாலைந்து பேர். "பையனுக்கு ஏதாவது…?" குரல் தணிந்திருந்தது.

'ஆமா' என்ற பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்லை. எங்க தம்பி தவறிட்டான். அந்தப் பக்கத்துப் பட்டாளத்துல இருந்தான்."

பின்னால் ஒருவன் ஏதோ முணுமுணுத்தான். மருந்துக்கடைக்காரர் அவன் தோளைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிப் போனார். மறுபடி வருவார்களா, தெரியாது.

ஜூன் 20

மகனிடமிருந்து இன்னும் ஒன்றும் இல்லை. நேற்று யாரோ ஜன்னலில் கல் எறிந்தார்கள். கணவர் அட்டையை வெட்டி ஒட்டினார். அவளை அனுப்புவதைப் பற்றிப் பேசவில்லை.

காலையில் கடைக்குக் கிளம்பும்போது ஓரகத்தி என் ஃபோனைக் கேட்டாள். "கூப்பிட்டா நான் எடுக்கறேன்கா. நல்லதோ கெட்டதோ, நானே கடைக்கு வந்து சொல்றேன். நீங்க தனியா கேக்க வேணாம்."

கொடுத்துவிட்டு வந்தேன்.