காருக்கு அடியில் ஒரு மூடி

2 மார்ச் 1952, ஞாயிறு

இந்த மாதமும் சாமியார் பூசைக்கு வரவில்லை. மலைவளைவில் காட்டுக்காரர்கள், அந்தக் கம்யூனிஸ்டுகள், லாரியைச் சுட்டுவிட்டார்களாம், இரண்டு நாளைக்குப் பாதையை மூடிவிட்டார்கள். தவக்காலத்தில் பூசையும் இல்லை, பாவசங்கீர்த்தனமும் இல்லை. வீட்டிலேயே செபமாலை சொன்னோம். சொன்னோம் என்ன, நான் சொன்னேன். அவர் மூன்றாவது பத்து மணியிலேயே எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

எங்கே என்று கேட்கவும் வேண்டுமா? மயிலம்மாளின் கார்.

இந்த ரப்பர் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டங்களுக்கும் அவள்தான் மருத்துவச்சி. பழைய கங்காணியின் மகள். அப்பன் விட்டுப்போன மோரிஸ் காரை அவளே ஓட்டுகிறாள். ஜப்பான்காரன் காலத்தில் சக்கரத்தைக் கழற்றி, லாலான் புல்லுக்குள் அத்தாப்பு ஓலைக் கூரை போட்டு மறைத்து வைத்திருந்தார்களாம். அப்போது பிடித்த துரு. இப்போது அதைச் சுரண்ட, ரப்பர் ஸ்டோரில் மெஷின் பழுதுபார்க்கும் பிட்டராக இருக்கும் என் புருஷன்தான் கிடைத்தார்.

டவுனில், ரஹாங்கில் பிறந்து கான்வென்டில் படித்த எனக்கு சைக்கிள்கூட ஓட்ட வராது. இடியாப்பம் பிழிய வரும். அதை யார் வந்து வேடிக்கை பார்க்கப்போகிறார்கள்.

5 மார்ச்

சோறு போடும்போது வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன், அப்படி என்னதான் கெட்டுப்போச்சு அந்த வண்டிக்கு என்று. மனுஷன் பாதிச் சோற்றில் நிறுத்திவிட்டு விளக்க ஆரம்பித்துவிட்டார். பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டை வந்து மாட்டுகிற இடம் இருக்கிறதாம், காரின் பாரம் முழுவதும் அதில்தான் நிற்கிறதாம். அந்த இரும்பு உள்ளே செல்லரித்த பலகை மாதிரி ஆகிவிட்டதாம்.

"விரலை வெச்சா பொல பொலன்னு கொட்டுது எல்சி. வளைவுல ஒடைஞ்சுச்சுன்னா வண்டி அங்கேயே குந்திக்கும். அந்த ரோட்டுல ஒத்தப் பொம்பளை நின்னா என்னா ஆவும்?"

ஒத்தப் பொம்பளை. நானும் பகலெல்லாம் ஒத்தப் பொம்பளையாகத்தான் இருக்கிறேன்.

8 மார்ச்

தலையணை உறையிலும் கிரீஸ்.

11 மார்ச்

இன்று ஒரு முடிவோடு கோப்பி கலக்கி எடுத்துக்கொண்டு ஸ்டோர் கொட்டகைக்குப் போனேன். கட்டை அடுக்கித் தூக்கி வைத்திருந்த காருக்கு அடியிலிருந்து இரண்டு ஜோடிக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்று அவருடையது. மற்றதில் கொலுசு இல்லை, மெட்டி இல்லை, நர்ஸ் சப்பாத்து.

"மயிலு, வெளக்க இப்படிக் காட்டு. ஐயோ, கண்ணுல காட்டாத லா."

"ஒனக்குக் கண்ணு வேற தெரியுதா கேப்ரியலு?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஐந்து வருஷக் குடித்தனத்தில் என்னை அவர் எல்சி என்று முழுசாகத்தான் கூப்பிட்டிருக்கிறார். அவளுக்கு மட்டும் பெயரில் பாதி போதும்.

என் சத்தம் கேட்டு அவள் வெளியே வந்தாள். "வா எல்சி, கோப்பி வாசம் உள்ள வரைக்கும் வந்துச்சு" என்றாள். நல்லவிதமாகத்தான் சொன்னாள். அதுதான் எரிச்சல்.

வேலை பெரிய வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். காரின் அடிச்சட்டம் உள்ளே கூடாக இருக்கிறது. அதன் அடியை வெட்டித் திறந்து, துருவைச் சுரண்டி, உள்ளே தடித்த தகடு வைத்து போல்ட்டு போட்டிருக்கிறார். ஓட ஓட போல்ட்டு தளருமாம். அப்பப்போ முடுக்க வேண்டுமாம். அதற்காக, திறந்து மூடுகிற மாதிரி திருகாணி வைத்து ஒரு மூடி. அதைத் தடவித் தடவிக் காட்டினார்.

திரும்பும் வழியில் பக்கத்து வீட்டு வள்ளியம்மா பிடித்துக்கொண்டாள். "சின்னதுலேர்ந்து ரெண்டும் ஒரே லயத்துல, பக்கத்துப் பக்கத்து வூட்டுல வளந்துச்சுங்க. சாமி வேற வேறயா போச்சு, இல்லேன்னா..." என்று இழுத்தாள். இல்லேன்னா என்ன? வயிறு எரிகிறது எனக்கு.

14 மார்ச்

கம்பிவேலி கேட்டில், பெண்களைத் தடவிப் பார்க்கப் போலீஸ் வைத்திருக்கும் பஞ்சாலை என்பவள் எங்களைச் சோதனை போட்டுக்கொண்டிருந்தாள். காட்டுக்காரர்களுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று தினமும் நடக்கிற கூத்துதான். என் முந்தானையை உதறினாள், கொண்டையைக் கூடத் தொட்டுப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மயிலம்மாளின் கார் வந்தது. கேட்டுக் காவலுக்கு நிற்கும் ஸ்பெஷல் போலீஸ்காரன் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை, சலாம் வைத்துக் கேட்டைத் திறந்துவிட்டான்.

எனக்கு வந்ததே கோபம். "என் கொண்டையில என்னத்தத் தேடுற? அந்த நர்சம்மா கார் அடியில பெட்டி செஞ்சி மூடி போட்டு வெச்சிருக்கு. அத எட்டிப் பாத்தியா?" என்றேன்.

பஞ்சாலை கொண்டையிலிருந்து கையை எடுத்தாள். என் முகத்தையே பார்த்தாள்.

சொன்ன பிறகு மனசு லேசாக இருந்தது. உள்ளதைத்தானே சொன்னேன்.

15 மார்ச்

கொண்டுபோய்விட்டார்கள். அவரையும் அவளையும். கார் கேட்டில் நிற்கிறது, அடியில் போலீஸ்காரன் படுத்துத் திருகிக்கொண்டிருக்கிறான். ரகசிய அறையாம். அரிசி கடத்தவாம்.

மாதாவே, நான் என்ன செய்துவிட்டேன்.

16 மார்ச், ஞாயிறு

சாப்பிடவில்லை. இந்தக் காலத்தில் காட்டுக்காரனுக்குச் சோறு கொடுத்தவன் என்று பெயர் வந்தால் போதும், விசாரணையே இல்லாமல் வருஷக்கணக்கில் உள்ளே வைத்துவிடுவார்கள். மேஸ்திரி வேலை பார்க்கும் ராமசாமி மண்டோரின் தம்பி அப்படிப் போனவன் போனவன்தான்.

தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் திருநாவுக்கரசு கிராணி வீட்டுக்கு ஓடினேன். எனக்கு இங்கிலீஷ் தெரியும், ஸ்டேஷனில் நானே பேசுகிறேன், ஒரு தடவை கூட்டிப்போங்கள் என்று அழுதேன். "தொரையே போயிருக்காரும்மா. நீ போயி வேற எதையாவது ஒளறி வெக்காத" என்றார். எதார்த்தமாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

இந்த நிலைமையிலும் என் புத்தி போகிற போக்கைப் பார். இரண்டு பேரையும் ஒரே லாரியில் ஏற்றினார்களே, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்களா என்று நினைக்கிறது. தூ.

18 மார்ச்

வந்துவிட்டார். அவளையும் விட்டுவிட்டார்கள். ஒரு மணி அரிசி கிடைக்கவில்லை. துரையே குனிந்து பார்த்து, இது ஸ்பிரிங்குக்குச் செய்த வேலை என்று சொன்னாராம். இவர் கன்னம் வீங்கியிருக்கிறது. கேட்டால், தடுக்கி விழுந்தேன் என்கிறார்.

குளித்துவிட்டு வந்து சொன்னார். "எல்லாம் அந்த மயிலு செஞ்ச வேலை. கேட்டுல வெளையாட்டா சொன்னாளாம், இதுல ஒரு மூட்டை அரிசி போவும்னு. ஸ்டேசன்ல அவளே ஒத்துக்கிட்டா. வாய வெச்சிக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாத பொம்பளை. இனிமே அவ மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்."

நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தேன். தட்டு நிரம்பி வழிந்தது.

20 மார்ச்

மாதக்கணக்காக நான் கேட்க ஏங்கிய வார்த்தைகளையெல்லாம் இரண்டு நாளாகச் சொல்கிறார். அவள் திமிர் பிடித்தவளாம். நன்றி கெட்டவளாம். சாயங்காலம் வீட்டிலேயே இருக்கிறார், வெங்காயம்கூட உரித்துக் கொடுத்தார். நேற்று வரைக்கும் இனித்தது. பொய் சொல்லவில்லை, நன்றாகவே இனித்தது. இன்று கசக்கிறது.

போலீஸ்காரர்கள் போல்ட்டுகளைக் கழற்றிப் பார்த்துவிட்டு அரைகுறையாக மாட்டிப் போட்டிருக்கிறார்களாம். வள்ளியம்மா புருஷன் வந்து சொன்னான், மயிலம்மாள் வண்டி பின்னால் கடகடவென்கிறது, போய்க் கொஞ்சம் பார் என்று. "டவுன்ல வொர்க்ஷாப்பு இல்லையா" என்று கேட்டு இவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவள் அந்த வண்டியில்தான் மலைவளைவைத் தாண்டிப் பிரசவத்துக்குப் போகிறாள்.

21 மார்ச்

அவள் வீட்டுக்குப் போனேன். கத்தரிக்கோலை வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது.

"நான் சொன்னத நீங்க சொன்னதா ஏன் சொன்னீங்க?" என்றேன்.

"பஞ்சாலையோட புள்ளைங்க எல்லாம் என் கையில பொறந்ததுங்க. அவ எங்கிட்ட மறைக்க மாட்டா, லாரியில ஏத்தும்போதே சொல்லிட்டா. போலீஸ்கிட்ட ஒன் பேரச் சொல்லல. வெளியிலயும் வாயத் தெறக்க மாட்டா, நீ பயப்படாத."

"அதுக்கில்லக்கா. ஏன்?"

அக்கா என்று எப்படி வந்ததோ வாயில்.

அவள் அடுப்பைத் தணித்தாள். "நீ சொன்னேன்னு தெரிஞ்சா அவன் ஒன்ன மன்னிக்க மாட்டான். குடும்பம் போயிரும். எங்கிட்ட கோச்சுக்கிட்டா என்னா போவுது எனக்கு?" என்றாள். அப்புறம், திரும்பாமலே, "அவன் பொண்டாட்டியா ஒன் எடத்துல நான் இருந்திருந்தா மொத நாளே கேட்டுல போயி சொல்லியிருப்பேன்" என்றாள்.

கத்தரிக்கோலை எடுத்துத் துணியில் சுற்றினாள். நாளை சாயங்காலம் மேல் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றாள். வண்டி தாங்குமா என்று கேட்டேன். சிரித்தாள்.

22 மார்ச், சனி

சொல்லிவிட்டேன்.

காலையில் அவர் சவரம் செய்துகொண்டிருக்கும்போது சொன்னேன். கேட்டில் சொன்னது மயிலம்மா இல்லை, நான்தான். வயித்தெரிச்சல்ல சொன்னேன். அந்த வண்டிய இன்னிக்கு ஓட்டினா அவங்க செத்துருவாங்க, போயி முடுக்கிக் குடுங்க, அப்புறமா வந்து என்னை என்ன வேணுன்னாலும் செய்யுங்க.

கையில் கத்தியோடு அப்படியே நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் தேவலாம் என்றிருந்தது. பாதி முகத்து சோப்பைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கத்தியை மடித்து வைத்துவிட்டு, "அவ ஏன் தன் தலையில போட்டுக்கிட்டா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். நேற்றே தெரியும். அவள் திரும்பாமல் சொன்ன அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"தெரியலங்க" என்றேன்.

என் குற்றத்தைச் சொல்லத் தைரியம் வந்தது. அவள் மனசில் இருப்பதைச் சொல்ல வரவில்லை. சொல்லிவிட்டால், ஸ்பேனர் பையோடு போகிறவர் வேறு ஆளாகத் திரும்பி வருவார். எனக்கு இவர்தான் வேண்டும்.

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மத்தியானம் கொட்டகைப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது, அப்புறம் நின்றது. கொஞ்சம் முன்னால் மயிலம்மாளின் கார் கேட்டைத் தாண்டிப் போனது. பின்பக்கம் கடகடப்பு இல்லை.

இன்னும் அவர் வரவில்லை. ஊரடங்கு மணி அடிக்கப்போகிறது. சோறு வடித்து வைத்திருக்கிறேன்.