கழுவித் திருப்பிக் கொடுத்த வண்டிகள்

கிரீஸ் கையால் என் பள்ளிக்கூடப் புடவையைத் தொட்டுத் தொட்டுத் திட்டு வாங்கிய தம்பி சேகருக்கு,

தொண்ணூற்றொன்றில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். ஜோகுபாளையத்தில் உன் ஷெட்டுக்கு அந்த வண்டி முதன்முதலாக வந்த நாள் அது. மஸ்கட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு டாக்டர் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தது. ஸ்டியரிங் இடது பக்கம். நீ பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, நேரே மர்பி டவுனுக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றாய்.

"அக்கா, நான் எப்பவும் பாக்கற அதே ஜப்பான் கம்பெனி. உள்ள பாத்தா பாதி நட்டு போல்ட்டு மத்த வண்டியில இருக்கறதுதான். அப்பறம் எதுக்கு இதுக்கு மட்டும் வேற பேரு?"

எனக்குக் கார் தெரியாது. நான் வாத்தியார், எனக்கு உதாரணம்தான் தெரியும். "நம்ம தெரு டெய்லர் ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறார். நாளைக்கு அவரே கல்யாண கோட் தைக்க ஆரம்பித்தால், பக்கத்தில் தனிக் கடை, தனிப் பலகை போடுவார். கோட் வாங்க வருகிறவர் யூனிஃபார்ம் வரிசையில் நிற்கமாட்டார் இல்லையா?" என்றேன்.

நீ கொஞ்சம் யோசித்தாய். "சரி, அந்தக் கோட்டுல பட்டன் அறுந்தா எந்தக் கடைக்குப் போறது?"

அதற்கான பதிலைத் தேடிக்கொண்டே இருந்தேன். பிறகு பள்ளி நூலகத்தில் ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையில் கிடைத்தது. எல்லோருக்கும் கட்டுப்படியாகும் வண்டி செய்துகொண்டிருந்த அந்தக் கம்பெனியின் தலைவர், உலகத்தின் மிகச் சிறந்த காரோடு நிற்கக்கூடிய ஒரு காரை நம்மால் செய்ய முடியுமா என்று தன் ஆட்களைக் கேட்டாராம். வருஷக்கணக்கில் செய்து, பிரித்து, மறுபடி செய்து, எண்பதுகளின் கடைசியில் அமெரிக்காவில் புதுப் பெயரோடு விற்பனைக்கு விட்டார்கள். சில மாதங்களுக்குள் இரண்டொரு வண்டிகளில் ஒரு சின்னக் குறை தெரிந்தது. குறை சின்னதுதானே என்று விடவில்லை. விற்ற வண்டிகள் எல்லாவற்றையும் சரிசெய்யக் கிளம்பினார்கள். பலருடைய வீட்டுக்கே போய் வண்டியை எடுத்துவந்து, சரிபார்த்து, கழுவி, பெட்ரோல் நிரப்பித் திருப்பி விட்டார்கள்.

இதை உனக்குப் படித்துக் காட்டியபோது நீ ஒரே ஒரு இடத்தில்தான் நிறுத்தினாய். "கழுவிக் குடுத்தானா?"

மறுநாளிலிருந்து உன் ஷெட்டில் எந்த வண்டியும் கழுவாமல் வெளியே போகவில்லை. "பெட்ரோல் அவன் போடட்டும், நமக்குத் தண்ணிதான் கட்டும்" என்றாய்.

இடது பக்கம் ஸ்டியரிங் உள்ள வண்டியில் முன்னால் லாரி போனால், ஓட்டுகிறவனுக்கு எதிரே வருவது தெரியாது. வேலை முடித்து ஓட்டிப் பார்க்க டிரையல் போகும்போது வலது பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஆள் நான். "ஏதாச்சும் வருதா?" என்று கேட்பாய். "ஒரு பேருந்து வருகிறது, ஆனால் தொலைவில்தான் இருக்கிறது, அதற்குப் பின்னால்..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் அந்தப் பேருந்து நம்மைத் தாண்டிப் போய்விடும். "வருது, வரல. அவ்ளோதான் அக்கா. பாடம் எடுக்காத!" என்று ஓல்ட் மெட்ராஸ் ரோடு முழுக்கக் கேட்கும்படி கத்துவாய்.

இப்போது நான் சொல்லவேண்டிய செய்திக்கு வருகிறேன். சுற்றி வளைத்ததற்குக் காரணம் உனக்கே புரியும்.

நீ கண்மூடிய பிறகு ஷெட்டை உன் வீட்டுக்காரி கலாதான் நடத்துகிறாள். நீ இருந்தபோதே பாதி வேலை அவளுடையது என்பது நமக்குத் தெரியும், வருகிறவர்களுக்குத் தெரியாது. "வீட்டுக்காரம்மா பாக்கறாங்களாமே" என்று சிலர் வாசலோடு திரும்பினார்கள். ஆனாலும் உன்னுடைய பழைய ஜப்பான் வண்டிக்காரர்கள் வந்தார்கள். ஷெட் ஓடியதே அவர்களால்தான்.

போன மாதம் டாக்டர் வண்டியில் தண்ணீர் ஒழுகியது. வாட்டர் பம்பை மாற்ற கலாவும் உன் ஷெட் பையன் பாபுவும் முன்பக்க மூடியைக் கழற்றினார்கள். உள்ளே டைமிங் பெல்ட். உனக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு ஓர் உதாரணம்: பள்ளிக்கூட மணி மாதிரி அது. இன்ஜினின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் அந்த ரப்பர் பட்டை சொல்கிற நேரத்துக்குத்தான் அசைய வேண்டும். மணி நின்றால் எந்த வகுப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது. வண்டி ஓடுகிற ஓட்டத்திலேயே நின்றுவிடும்.

அந்த பெல்ட் நீ போட்டது, உன் கடைசி வருஷத்தில். பல வருஷம் தாங்க வேண்டியதன் ஓரம் அதற்குள் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. வளைத்தால் பல்லுக்குப் பல் வெடிப்பு.

நடந்தது என்னவென்று கலா கண்டுபிடித்துவிட்டாள். நீ எப்போதும் துபாயிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில்தான் பெல்ட் வரவழைப்பாய். அந்தத் தடவை ஆள் வரவில்லை. ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் அதே அட்டைப்பெட்டி, அதே அச்சு. நீ நம்பினாய்; உள்ளே இருந்தது போலி. மிச்சமிருந்த பெட்டியை நானும் பார்த்தேன் சேகர், நானும் நம்பியிருப்பேன். அதே பெல்ட் இன்னும் இரண்டு வண்டிகளில் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று கிரானைட் கௌடருடையது, மற்றது பீன்யாவில் ஃபேக்டரி வைத்திருப்பவருடையது.

பாபுவுக்கு அழுகையே வந்துவிட்டது, கலாவைப் பார்த்துச் சொன்னான். "அண்ணி, சும்னே, பேசாம இருங்க. அடுத்த சர்வீஸுக்கு வர்றப்ப நாமளே மாத்திடலாம். யாருக்குத் தெரியும்? இப்பப் போயி சொன்னா அண்ணன் பேரு போயிடும்."

கலா பெல்ட்டைக் கீழே வைக்காமலே சொன்னாள். "அவங்க வண்டி ஹைவேல லாரிக்கு முன்னாடி நின்னுச்சுன்னா, அப்ப உங்க அண்ணன் பேரு இருக்குமா?"

பிறகு என்னைப் பார்த்தாள். "அண்ணி, நீங்க சொல்லுங்க. அவரு தப்ப அவரு இல்லாதப்ப ஊருக்குச் சொல்றேன். சொல்லட்டுமா?"

என் தம்பி பெயரைக் காப்பாற்று என்றுதான் என் வாயில் வந்தது. ஆனால் "கழுவிக் குடுத்தானா?" என்று நீ கேட்ட குரல் குறுக்கே நின்றது. "சொல்லு" என்றேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அன்றைக்கே இரண்டு பேருக்கும் போன் செய்தாள். வண்டியை ஓட்ட வேண்டாம் என்று சொல்லி, வாடகை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தாள். பீன்யா வண்டியின் பெல்ட்டில் பற்கள் சில போயே போயிருந்தன. துபாயிலிருந்து நல்ல பெல்ட் வரும்வரை மூன்று வண்டிகளும் ஷெட்டில் நின்றன. புது வேலை எடுக்க இடமில்லை.

கௌடர் நேரில் வந்து, ஒரு வருஷமாக இந்த பெல்ட்டிலா என் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனேன் என்று கன்னடத்தில் சத்தம் போட்டார். "ஹௌது சார், தப்பாய்த்து", ஆமாம், தப்பு நடந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள் கலா. காரணம் சொல்லவில்லை, கடைக்காரனைக் காட்டவில்லை. புது பெல்ட்டோடு கழுவிக் கொடுத்த வண்டியை அவர் எடுத்துக்கொண்டு போனார். மறுபடி வரவில்லை. வருவார் என்றும் தோன்றவில்லை.

டாக்டர் வேறு மாதிரி. பழைய பெல்ட்டை வாங்கி விரலால் வளைத்து வளைத்துப் பார்த்தார். "சேகர் போட்டதா?"

"ஆமா சார். அவருதான்."

"அவர் இருந்திருந்தா இத என்கிட்ட சொல்லியிருப்பாரா?"

கலா யோசிக்கவே இல்லை. "சொல்லியிருப்பாரு சார். வண்டியக் கழுவிட்டு அப்பறமா சொல்லியிருப்பாரு."

டாக்டர் சிரித்துவிட்டார். சாவியைத் திருப்பி அவள் கையிலேயே வைத்தார். "அப்ப பிரேக்கையும் ஒரு தடவ பாத்துடும்மா."

ஷெட்டின் பலகையில் உன் பெயர் அப்படியே இருக்கிறது. இன்னொரு செய்தியும் உண்டு, கேட்டால் சிரிப்பாய். நீ தலையைச் சொறிந்துகொண்டு கேட்டாயே அந்த வேறு பெயர், அது இத்தனை வருஷம் ஜப்பானிலேயே கிடையாதாம். அங்கே அதே வண்டியைப் பழைய பெயரில்தான் விற்றார்களாம். இந்த வருஷம்தான் சொந்த ஊரிலும் புதுப் பலகை மாட்டியிருக்கிறார்கள்.

பிரேக் பார்த்த பிறகு டிரையல் போக ஆள் தேவைப்பட்டது. கலா ஓட்டினாள், நான் வலது பக்கம். அல்சூர் தாண்டியதும் முன்னால் ஒரு லாரி. "அண்ணி, வருதா?" என்றாள். "வரல" என்றேன். அவ்வளவுதான். நீ கேட்டிருக்க வேண்டும்.

கண் தெரிகிறவரை அந்த இருக்கையில் நான் உட்காருவேன், சேகர். பாடம் எடுக்கமாட்டேன்.

கூடவே இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை வண்டியைச் சரிசெய்யக் கொடுத்தால், கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். வெளிச்சத்தில் பிடித்து, ஒரு தடவை வளைத்துப் பாருங்கள்.

உன் வலது பக்கத்து இருக்கைக்காரி,
அக்கா