உடைந்த கண்ணாடி யாருடையது

அன்புள்ள சில்லுவுக்கு,

நம் கடையின் பேங்க் கணக்கை வரி ஆபீசில் முடக்கிவிட்டார்கள். இதைப் படித்ததும் பதறிப்போய் போனைத் தூக்காதே, முழுசாகப் படி. நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல்தான் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் நடுநடுவே சட்டம் பேசி என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் அந்தப் பெரிய கட்டுமானக் கம்பெனியின் அடுக்குமாடிக் கோபுரத்துக்கு நாம் ஜன்னல் கண்ணாடி போட்டோம் அல்லவா, அதில் வந்த வினைதான். நாம் வாங்கிய கண்ணாடி அதிகமாம், பில் போட்டது குறைவாம், மிச்சத்தை நான் பில் இல்லாமல் விற்று வரி ஏய்த்துவிட்டேனாம். நம் தொழிலில் உடைந்ததை யாரும் எழுதுவதில்லை என்று உனக்கே தெரியும். எழுதினால் வெட்டுகிறவருக்குக் கை சரியில்லை என்று பெயர் வந்துவிடும், அடுத்த வேலை வராது. வாயை மூடிக்கொண்டு புதுக் கண்ணாடி கொண்டுபோய் மாட்டிவிட்டு வருவோம். அங்கே கம்பெனியின் கிரேன் இடித்து உடைந்தது பாதி, அவர்கள் ஆட்கள் சாரம் பிரிக்கும்போது உடைத்தது மீதி, அத்தனைக்கும் நான்தான் கைக்காசு போட்டு மாற்றினேன். கேட்டதற்கு, அடுத்த கோபுரமும் உங்களுக்குத்தாம்மா, இதையெல்லாம் பெருசு பண்ணாதீங்க என்றார் அந்த மேனேஜர். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டேன்.

இரண்டு ஆபீசர்கள் கடைக்கு வந்தார்கள். பின்கட்டில் குவிந்து கிடக்கும் உடைசலைக் காட்டினேன். இது போன வருஷம்தான் உடைஞ்சதுன்னு என்னம்மா ஆதாரம் என்றார் பெரியவர். உடையும்போது தேதி போட்டுக்கொண்டா சார் உடையும் என்றேன், அவருக்குக் கோபம் வந்துவிட்டது. சின்னவர் குவியலுக்குள் கையை விட்டு விரலைக் கிழித்துக்கொண்டார். உன் அப்பா ஓடிப்போய் மருந்து வைத்துக் கட்டி, டீயும் வாங்கிக் கொடுத்து, தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நம் கடையில் கண்ணாடி வெட்டும் வைரம் மாமா மட்டும் ஒரு ஓரமாக நின்று, இவ்வளவும் என் கையால உடைஞ்சதுன்னு நினைச்சுக்குவாங்களே என்று முகம் வாடிப்போனார். கடை போகிறதே என்று எனக்குக் கவலை, கை போகிறதே என்று அவருக்கு.

மறுநாளே கணக்கை முடக்கினார்கள். ஆட்களுக்குக் கூலி கொடுக்க முடியவில்லை, ஃபேக்டரிக்காரன் சரக்கை நிறுத்திவிட்டான், இந்த மாதம் தாண்டினால் ஷட்டரை ஒரேயடியாக இறக்க வேண்டியதுதான் என்கிற நிலை. உடைந்ததெல்லாம் உங்கள் சைட்டில் உடைந்தது என்று எழுதிக் கொடுங்கள் என மேனேஜருக்குப் போன் போட்டால், நாளைக்கு வரி ஆபீஸ் போறேன்மா, ரொம்ப பிஸி என்றார். சரி, அங்கேயே பிடிப்போம் என்று நானும் போனேன். அந்த ஆபீஸை நீ பார்க்க வேண்டுமே. கீழ்த்தளம் எங்களைப் போன்றவர்களுக்கு, கால் ஆடும் பெஞ்சு, ஓடாத மின்விசிறி, பெயரைக் கூப்பிடும்வரை சிறுநீர் கழிக்கக்கூட எழுந்து போகப் பயம். மேல் மாடி பெரிய கம்பெனிகளுக்கு, சோபா, ஏசி, சாசரோடு காபி. வாசலில் தடுத்த ஆளிடம், உள்ள இருக்கிறவங்க கட்டடத்துக்குக் கண்ணாடி போட்டவளே நான்தான் என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்துவிட்டேன்.

மேனேஜரும் அவர்கள் ஆடிட்டரும் அதிகாரி எதிரில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். வாங்க கண்ணாடியம்மா என்று இளித்தார் மேனேஜர். கோபுரம் முடிந்த அன்று அவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னது ஒன்று எனக்கு மறக்கவில்லை. உடைஞ்சதுகூட வீணாகலம்மா, எங்க நஷ்டம்னு எழுதி வரியில கழிச்சுட்டோம் என்றார். அதைத்தான் அதிகாரி முன்னால் கேட்டேன். உடைஞ்ச கண்ணாடி உங்களுதா, என்னுதா சார்? உங்களுதுன்னா மாத்திப் போட்டதுக்கு எனக்குப் பணம் தரணும். என்னுதுன்னா உங்க நஷ்டம்னு எப்படி எழுதினீங்க? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, நான் கீழ போய் பெஞ்சுல உட்காரணும் என்றேன். ஆடிட்டர் காபியைக் கீழே வைத்துவிட்டார். அம்மா, நாம வெளிய பேசிக்கலாமே என்று மேனேஜர் எழுந்து என் பின்னாலேயே வந்தார்.

உடைந்ததெல்லாம் அவர்கள் சைட்டில்தான் என்று அன்றைக்கே கடிதம் வந்தது, கணக்கும் திறந்தது. ஆனால் வயிறு எரிவது எதற்கென்றால், கம்பெனிக்காரர்கள் கவனக்குறைவு என்று ஒரே வார்த்தை எழுதித் தங்கள் கணக்கைத் திருத்திக்கொண்டார்களாம், அபராதம்கூட இல்லை. நான் உடைந்ததைப் பதியவில்லை என்று அபராதம் கட்டிவிட்டுத்தான் வந்தேன். அதே கண்ணாடி, அதே ஆபீஸ், அவர்களுக்குக் கவனக்குறைவு, எனக்கு ஏய்ப்பு. வரி கட்ட மாட்டேன் என்றா சொன்னேன்? நான் நடந்துபோகிற ரோட்டுக்கு நான்தான் கட்ட வேண்டும். ஆனால் என் பின்கட்டில் கையை விட்டுக் கிளறியவர்கள் அங்கே சோபாவுக்கு அடியிலும் ஒருமுறை குனிந்து பார்க்கலாமே. நீயும் அந்த மாதிரிக் கம்பெனிகளுக்குத்தான் அந்தக் குளிர் ஊரில் உட்கார்ந்து கணக்கும் ஒப்பந்தமும் எழுதுகிறாய். திட்ட வேண்டும் போலத்தான் இருக்கிறது, உன்னைப் படிக்க வைத்தவளே நான் என்பதால் திட்டவும் முடியவில்லை.

போகட்டும். குளிரில் தலையைக் காயவைக்காமல் வெளியே போகாதே, மாப்பிள்ளையின் முதுகு வலியை அலட்சியம் செய்யாதீர்கள். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்காமல் நீண்ட நாள் இருக்க வேண்டும்.

ஒன்றை மறக்காதே. இரண்டாவது கோபுரத்தையும் நானே எடுத்திருக்கிறேன், முறைக்காதே. பெரிய கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுக்கிற அதே கெட்டியான பாஷையில் எனக்கும் ஒரு ஒப்பந்தம் எழுதி இந்த வாரமே அனுப்பு. அன்றைக்கு வெளியே வந்து மேனேஜரிடம் பேசி முடித்தது இதுதான்: போன கோபுரத்தில் மாற்றியதற்கு முழுப் பணம், வேலை தொடங்கும் முன்பே. புது வேலைக்குப் பாதி முன்பணம். லாரியிலிருந்து இறக்கும்வரை உடைந்தால் அது என் கண்ணாடி, இறக்கிய பிறகு யார் உடைத்தாலும் அவர்கள் கண்ணாடி. ஒவ்வொரு உடைசலும் அன்றன்றைக்கே எழுதப்படும், அதில் வைரம் மாமாவும் மேனேஜரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா