துவக்கு விசையில் நல்லெண்ணெய்

இஞ்சாருங்கோ,

உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை, இனிமேலும் வராது. எங்கே இருந்தாலும் கூப்பிட்ட இந்தக் குரலுக்குத் திரும்பிப் பார்ப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

உங்கள் முதல் வருட ஆட்டைத் திவசம் முடிந்து வருகிற முதல் நவராத்திரி இது. நோர்வேயில் எங்கள் பியோர்ண்டால் வீட்டில் பழையபடி கும்பம் வைத்திருக்கிறேன். ஆனால் கும்பிடக் கை கூப்பினாலும் மனம் சாமியில் நிற்கவில்லை. சனிக்கிழமை எங்கள் மகள் ஆரணி எல்க் மான் வேட்டைக்குப் போகிறாள். உங்கள் வேட்டைக் குழுவோடு, உங்கள் துவக்கைத் தூக்கிக்கொண்டு.

அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை. வேட்டைச் சோதனை பாஸ் பண்ணி, பொலிசில் துப்பாக்கி அனுமதி எடுத்து, துவக்கைத் தன் பேருக்கு மாற்றிவிட்டுத்தான் எனக்கே சொன்னாள். வடக்கே பாட்ஸ்பியோர்டில் மீன் ஆலையில் மீன் வெட்டிய காலத்தில் நோர்வேக்காரரோடு பழகி உங்களுக்குப் பிடித்த வேட்டை விசர், இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும் பிடித்துவிட்டது. நான் என்ன செய்ய?

என் பயம் உங்களுக்குத் தெரியும். ஊரில் சென்றிக் காவலைக் கடக்கும்போது நான் ஆமிக்காரனின் முகத்தைப் பார்த்ததே இல்லை. துவக்கு விசையில் கிடக்கிற விரலைத்தான் பார்ப்பேன். அந்த விரல் அசையாமல் இருந்தால் அன்றைக்கு உயிர் மிச்சம். இப்போது என் பிள்ளையின் விரல் அதே இடத்தில் கிடக்கப் போகிறது.

கோடை முழுக்கச் சுட்டுப் பழகினாள். ஒவ்வொரு நாளும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். விசை சரியான இறுக்கமாம், இழுக்க இழுக்கக் கரகரவென்று அரைக்கிறதாம், பலம் போட்டு இழுக்கும்போது துவக்கின் முனை ஆடிக் குறி தப்புகிறதாம். விசையை லேசாக்க வேண்டும் என்று நின்றாள். நான் உயிரோடு இருக்கும்வரை நடக்காது என்றேன். லேசான விசை கையுறை பட்டாலும் வெடிக்கும், இறுக்கமாகவே இருக்கட்டும் என்றேன். அதற்கு அவள் சொன்னது:

“அம்மா, முனை ஆடினா எல்க் சாகாது. காயத்தோடை காட்டுக்குள்ளை ஓடி, கிடந்து துடிக்கும். அது பாவமில்லையே?”

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? கடைசியில் துவக்குத் திருத்துகிற ஒருவரிடம் கொண்டுபோனாள். நானும் வருவேன் என்று அடம்பிடித்துக் காரில் ஏறினேன். “ஸ்லாப் ஆவ், அம்மா” என்றாள். நோர்வே மொழியில் ஆறுதலாக இரு என்று அர்த்தம்; நான் சீட் பெல்ட்டை இழுத்துப் பூட்டினேன்.

அந்த மனிதர் மரக்கட்டையைக் கழற்றி, விசைப் பெட்டியைத் திறந்து, உள்ளே குச்சியை விட்டு எடுத்தார். பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. மணந்து பார்த்தார். துவக்கு எண்ணெய் இல்லை, என்னவென்று தெரியவில்லை என்றார். ஆரணி வாங்கி மணந்தாள். குச்சியை என் மூக்கடியில் நீட்டினாள்.

எங்கள் சாமி விளக்கின் மணம். நல்லெண்ணெய்.

நினைவிருக்கிறதா உங்களுக்கு? ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் என் தையல் மெஷினுக்கும் ஆரணியின் புத்தகங்களுக்கும் பக்கத்தில் துவக்கைக் கிடத்திவிடுவீர்கள். கட்டைக்குச் சந்தனம், குங்குமம். பிறகு விளக்கில் விரலைத் தொட்டு விசை இடுக்கில் ஒரு சொட்டு. எண்ணெய் விட்டால்தானே எதுவும் ஓடும் என்று எனக்குச் சொல்வீர்கள். விரத நாளில் பூசை செய்த துவக்கால் எல்க் இறைச்சி கொண்டுவருகிற ஒரே சைவக்காரர் நீங்கள்தான் என்று நான் பகிடி பண்ணுவேன். அந்தச் சொட்டெல்லாம் வருடா வருடம் தூசியோடு சேர்ந்து இறுகிப்போய் உள்ளே கிடந்திருக்கிறது.

அதற்கு மேல் அவர் இன்னொன்றும் சொன்னார். குளிரில் அது இன்னும் தடித்துவிடுமாம். விசை முழுதாகத் தன் இடத்துக்குத் திரும்பாமல் நின்றுவிடலாமாம். அப்படி நின்றால், குண்டு போட்டுப் பூட்டைத் தள்ளி மூடின உடனே, ஒருவரும் தொடாமலே வெடிக்கலாமாம். ஆரணியை இன்னொருதரம் தமிழில் சொல்லச் சொன்னேன். இரண்டாம் முறையும் அதேதான். நான் காவல் என்று நினைத்த இறுக்கம்தான் ஆபத்து. அதைத் தோளில் போட்டுக்கொண்டு பனிக்குள் எத்தனை வருடம் நடந்தீர்கள்!

ஒரு வருடம் இறைச்சியும் இல்லாமல் நேரத்தோடே திரும்பி வந்தீர்கள். சாப்பிடவில்லை. கேட்டதற்குக் களைப்பு என்றீர்கள். அன்றைக்குக் காட்டில் என்ன நடந்தது? அது தானாக வெடித்ததா? யாருக்குப் பக்கத்தில்?

அவர் எல்லாவற்றையும் கழுவித் துடைத்தார். அதோடேயே அரைச்சல் போய், விசை பாதி சுகமாகிவிட்டது. இனி உங்கள் விருப்பம் என்றார். இப்படியே விடலாம், திருகாணியால் கொஞ்சம் தளர்த்தலாம், அல்லது விசையையே மாற்றிப் புதிதாகப் போடலாம். ஆரணி புதியதை, அதிலும் மிக லேசானதைக் கேட்டாள். அந்த லேசான விசை பொருத்தின வேறொரு துவக்கைக் காட்டினார்.

“நான் ஒருக்கா அமத்திப் பாக்கிறன்” என்றேன்.

பிள்ளை என்னை அதிசயமாகப் பார்த்தாள். துவக்கைக் கையால் தொட்டே அறியாதவள் அல்லவா நான்? அவர் குண்டில்லாத வெறும் துவக்கு என்று திறந்து காட்டி, சுவர்ப் பக்கம் திருப்பித் தந்தார். விரலை வைத்தேன். வைத்ததுதான் தெரியும், டக் என்றது.

“நான் நினைக்க முதலே வெடிக்குது, பிள்ளை. நீ உன்ரை குளிர் கையுறையைப் போட்டு அமத்து.”

கையுறை காரில் இருந்தது. எடுத்துவந்து போட்டாள். விசை எங்கே என்று அவள் விரல் தேடும்போதே டக். ஆரணி துவக்கை மெல்ல மேசையில் வைத்துவிட்டு, அப்பாவின் பழைய விசையே போதும், கொஞ்சம் மட்டும் தளர்த்துங்கள் என்று அவரிடம் கேட்டாள். அவர் தளர்த்திவிட்டு, வெறும் துவக்கை ஆயத்தநிலையில் வைத்து, அடிக்கட்டையை நிலத்தில் குத்திக் குத்திச் சோதித்தார். ஒவ்வொரு குத்தும் என் நெஞ்சில் விழுந்தது. விசை அசையவில்லை.

இன்றைக்கு ஆயுத பூசை. துவக்கை வைக்கலாமா என்று கேட்டாள். வையன் என்றேன். சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள். பிறகு உங்களைப் போலவே, யோசிக்காமல், விளக்கில் விரலைத் தொட்டுவிட்டாள். எட்டி அந்த விரலைப் பிடித்தேன். எண்ணெய் வழிய, சூடாக, என் உள்ளங்கைக்குள் கிடந்தது. வாழ்க்கை முழுக்க நான் பயந்து பார்த்த விரல் என் பிள்ளையின் விரலாக இருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். இரண்டு பேரும் அழுதோம்.

போகாதே என்று அவளிடம் சொல்லமாட்டேன், இது உங்களுக்கு என் வாக்கு. விளக்கு எண்ணெயில் ஒரு சொட்டும் இனி அந்தத் துவக்குக்குப் போகாது. பயப்படாமல் இருப்பேன் என்று மட்டும் கேட்காதீர்கள். சனிக்கிழமை அவள் கதவைத் திறந்து உள்ளே வந்ததும், முதலில் அவள் கையைத்தான் பார்ப்பேன்.

நீங்கள் எப்போதும் கூப்பிட்டபடியே,
உங்கள் பிள்ளையின்ரை தாய்