மௌலாயின் தங்கையும் என் தங்கையும்

மல்வேர்ன், ரொறன்ரோ
மாசி 16

அன்பு மகள் செலீனுக்கு,

இந்தக் குளிருக்குள்ளும் அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம், மொரோக்கோவில் ரபாத்தில் நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று மடு மாதாவைக் கேட்டபடி எழுதுகிறேன். நீ படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தின் படங்களைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு மௌலாய் ஹஃபீத்தின் நினைவுதான். சின்ன வயதில் உனக்குப் பேரீச்சம்பழம் கொண்டுவந்து தருவாரே, அந்த மொரோக்கோக்காரர். பிஸ்கற் ஃபக்ரரியில் பதினெட்டு வருஷம் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தோம். விடியப் பஸ்ஸில் ஏறினால் ஃபக்ரரி இருந்த அஜின்கோர்ட் வரும்வரை அவருடைய பிளாஸ்க்கில் இருந்து புதினாத் தேத்தண்ணி மணக்கும், இப்போதும் அந்தப் பக்கம் போனால் எனக்கு மணக்கிறது. மௌலாய் என்பது அவருடைய பெயரில்லை, நபிகள் நாயகத்தின் வழிவந்தவர்களை அங்கே அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்களாம். நபியின் மகள் ஃபாத்திமா, அவவின் மகன் ஹசன் என்று தொடங்கித் தன் தகப்பன் வரைக்கும் முப்பத்தைந்து பெயரை ஒரே மூச்சில் சொல்லுவார். முந்நூற்றைம்பது வருஷமாக மொரோக்கோவை ஆளுகிற குடும்பமும் அதே ஹசனின் வழி என்றுதான் சொல்லுகிறது, அந்த இரத்தத்தால்தான் அவர்களுக்கு அவ்வளவு மதிப்பு என்பார். அப்ப நீரும் ராசா வீட்டு ஆள், இஞ்ச நிண்டு ஏன் பிஸ்கற் அடுக்கிறீர் என்று நாங்கள் பகிடி பண்ண, அவர்தான் எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரிப்பார்.

இப்போது அவர் மறதி வருத்தத்தோடு மோர்னிங்சைட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். போன ஞாயிறு பூசை முடிய நாங்கள் போனோம். என்னை யாரென்று மட்டுக்கட்டவில்லை. ஆனால் அந்தப் பெயர்கள் மட்டும் வரிசை தப்பாமல் வந்தன. தகப்பனின் பெயருக்குப் பிறகு தன் பெயரைச் சொல்லாமல் ஸுஹ்ரா என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கிவிட்டார். அது அவருடைய தங்கை என்று மனைவி லத்தீஃபா சொன்னா. தங்கை ஒரு தச்சரை விரும்பியிருக்கிறா, நபி வம்சத்துப் பெண்ணை வெளியே கொடுக்க முடியாதென்று இவர்தான் மறித்தாராம். அவ கேளாமல் கட்டிக்கொண்டு சலேக்குப் போய்விட்டா. நாற்பத்தொரு வருஷமாகப் பேச்சில்லை.

திரும்பி வந்ததும் வீட்டு வாசலில் அம்மா, நீங்கள் எப்ப உங்கட தங்கச்சிக்குப் போன் எடுக்கப் போறியள் என்று கேட்டா. பிள்ளை, என் தங்கை சீமோன் மாமி மொன்றியலில் இருக்கிறா, தூரம், அதனால் வருவதில்லை என்று உனக்குச் சொன்ன காரணம் பொய். அவ அன்புராசாவைக் கட்டியபோது, அவை எங்கட ஆக்கள் இல்லை என்று சொல்லி நான் கோயில் வாசலுக்கும் போகவில்லை. எங்கள் பரம்பரையில் ஒரு அரசனும் இல்லை, அப்பப்பாவுக்கு மேலே எனக்கு ஒரு பெயரும் தெரியாது, அப்படியிருக்க எந்தப் பெருமையைக் காப்பாற்றினேன் என்று எனக்கே விளங்கவில்லை. என்னை மன்னித்துக்கொள்.

நேற்றுப் பின்னேரம் எடுத்தேன். அன்புராசாதான் பேசினார். நான் கிளிபோட் கதைக்கிறன் என்றேன். கொஞ்சம் பொறுங்கோ, அவவைக் கூப்பிடுறன் என்றார். சீமோன் அழவுமில்லை, ஏசவுமில்லை. அண்ணை, உங்கட குரல் அப்பான்ர குரல் மாதிரி வந்திட்டுது என்றா. நான் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். அம்மா உயிர்ப்பு ஞாயிறுக்கு வரச் சொன்னதுக்கு, யோசிச்சுச் சொல்லுறன் என்றிருக்கிறா. அதுவே எனக்குப் பெரிது.

சலே உன் ஊரில் இருந்து ஆற்றைக் கடந்தால் வருமாம். பழைய நகரத்தில் பெரிய பள்ளிவாசலுக்குப் பின்னால் கதவு செய்கிற கடை என்று மட்டும்தான் லத்தீஃபாவுக்குத் தெரியும். போய் ஸுஹ்ராவை விசாரித்துப் பார், அண்ணை உன் பெயர் சொல்லி அழுகிறார் என்று சொல்லு. அவ கதைக்க விரும்பாவிட்டால் வற்புறுத்தாதே, கோபிக்க அவவுக்கு உரிமை இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு, தலையிடி வந்தால் கண்ணாடியை மாற்று. ஆண்டவர் உன்னைக் காப்பாராக. கெதியாய்ப் போ மகள், மௌலாய்க்கு அந்தப் பெயர் நினைவில் நிற்கும்போதே.

உன்னை எந்நேரமும் நினைக்கும்,
அப்பா கிளிபோட்